ஒரு வீடு, ஒரு கிழமை, ஒரு மணி நேரம்: நல்ல எண்ணத்தை அன்றாட சேவையாக்க முழுமையான வழிகாட்டி

தவக்காலத் தியானம் முடிந்து வெளியே வரும்போது "நாமளும் ஏதாவது செய்யணும்" என்று பலரும் சொல்வார்கள். நற்செய்திக் கன்வென்ஷன் பந்தலிலும், அய்யாவழிக்காரர்கள் வழிபடும் சுவாமிதோப்பு பதியிலும், ரமலான் இரவுகளிலும் இதே பேச்சு எழுகிறது. மனசார வரும் பேச்சுதான். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடுகிறது.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் வீடு சந்திப்புக்குப் போகிறவர்களோடு சேர்ந்து போய்ப் பார்த்ததில், இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிந்தது. வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பணம் பிரிக்கிறார்கள், பொருள் வாங்குகிறார்கள், பேனர் அடிக்கிறார்கள். அதன் பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்று ஆள் தேடுகிறார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய பைபிள் உவமையில் வரிசை எப்படிப் போகிறது என்று பாருங்கள். அவர் பக்கத்தில் போகிறார், காயம் கட்டுகிறார், தன் மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்தில் கொண்டுசேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். காசு எடுப்பது மறுநாள்தான். அதன் பிறகு திரும்பி வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு சேவையைப் பற்றியது: நடமாட முடியாமலோ தனியாகவோ இருக்கும் ஒரு பெரியவரை வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பது. இந்த ஒன்று பழகிவிட்டால் மற்ற எந்தச் சேவைக்கும் இதே வரிசை உதவும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

துணைக்கு ஒரு ஆள். வின்சென்ட் தே பவுல் சபையினர் இரண்டிரண்டு பேராகத்தான் வீடு பார்க்கப் போவார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. ஒருவருக்கு முடியாத வாரம் மற்றவர் போகலாம். வீட்டில் என்ன பேசினோம், என்ன செய்தோம் என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்கும். தனியாக இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போனால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு. அதன் முதல் பக்கத்தில் தொலைபேசி எண்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, முதியோர் உதவி எண் 14567, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், ஊர் கிராம சுகாதார செவிலியர், அந்தப் பெரியவரின் பிள்ளைகள். அவசர நேரத்தில் செல்போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பங்குத்தந்தை, போதகர், ஜமாத் தலைவர், ஊர்த் தலைவர் என்று உங்கள் ஊரில் யாரோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதிக்காக அல்ல. பிறகு யாராவது "இவங்க எதுக்கு அந்த வீட்டுக்குப் போறாங்க" என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. சொந்த வீட்டில் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆளில்லை என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். வீட்டுக் கடமையை விட்டுவிட்டு வெளியே செய்யும் சேவை நிலைக்காது, வீட்டாரின் மனத்தாங்கலும் சேர்ந்துவிடும்.

2. ஜெபத்தில் ஒரு பெயர் வரட்டும்

"ஏழைகளுக்காக, நோயாளிகளுக்காக" என்று வேண்டுவது சுலபம். அப்படி வேண்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். அதையே "கீழத்தெரு மேரி பாட்டிக்காக" என்று சொல்லிப் பாருங்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்ற கேள்வி தானாக வரும். இந்த மாற்றம்தான் முதல் படி. ஒரே ஒரு பெயர் போதும்.

பெயர் தெரியவில்லை என்றால் ஊரில் தெரிந்தவர்களைக் கேளுங்கள். யார் வீட்டில் யார் படுக்கையில் என்பது அங்கன்வாடி டீச்சருக்கும், ரேஷன் கடைக்காரருக்கும், வீடு வீடாக மீன் கொண்டுபோகும் அக்காவுக்கும் அத்துப்படி. கோயிலுக்குத் தவறாமல் வந்து கொஞ்ச நாளாகக் காணாமல் போனவர்கள் யார் என்றும் யோசியுங்கள்.

இரண்டு விஷயங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று தூரம். பஸ் ஏறிப் போக வேண்டிய வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நடந்தே போகிற தூரமாக இருந்தால்தான் மழையிலும் போவீர்கள்.

இரண்டாவது, வீட்டின் தோற்றம். மாடி வீடு, டைல்ஸ், கேட் எல்லாம் இருக்கும். பிள்ளைகள் கல்ஃபில் இருப்பார்கள், பணமும் மாதாமாதம் வரும். உள்ளே எண்பது வயது பாட்டா ஒருவர் மட்டும், ராத்திரி விழுந்தால் தூக்க ஆளில்லாமல் இருப்பார். ஓட்டு வீட்டுக்கு மட்டும்தான் சேவை தேவை என்று நினைத்தால் இவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

3. கிழமையை வழிபாட்டோடு சேர்த்துவிடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது போவேன்" என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே வாரத்தில் தவறாமல் செய்யும் ஒன்றோடு இதைச் சேர்த்துவிடுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து நேராகப் போகலாம். வெள்ளி ஜும்ஆ முடிந்து போகலாம். ஞாயிற்றுக்கிழமை பதிக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் ஏறலாம். உடுப்பு மாற்றியாகிவிட்டது, வீட்டை விட்டு இறங்கியாகிவிட்டது. பாதி வேலை முடிந்த மாதிரிதான். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் நடக்கும் நாளும் பொருத்தமாக இருக்கும்.

அவர்களுடைய நேரத்தையும் கேட்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் வீட்டில் விடியற்காலையிலேயே எழுந்திருப்பார்கள், மத்தியானம் தூக்கம். கடற்கரை ஊரில் மீன் விற்றுத் திரும்பும் அம்மாமார் சாப்பிட்டு உட்காரவே மத்தியானம் தாண்டிவிடும். மேற்குக் கடலோரத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாது, வருமானமும் குறையும். அந்த இரண்டு மாதமும் கடற்கரை வீடுகளுக்குப் போவதை விட்டுவிடக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். தினமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான்கு நாளில் நின்றுபோனால், எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது முன்பிருந்த தனிமையைவிடக் கஷ்டம்.

4. அனுமதி கேட்பது

முதல் தடவை கையில் பையோடு போகாதீர்கள். கேட்க மட்டும் போங்கள். இவ்வளவு சொன்னால் போதும்:

"பாட்டா, சுகமா இருக்கீங்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு நானும் இவளும் கொஞ்ச நேரம் வந்து உங்க கூட இருக்கலாமான்னு கேக்க வந்தோம்."

"எதுக்கு மக்களே சிரமம்" என்பார்கள். அது மறுப்பு இல்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது மறுப்புதான். அப்போது வற்புறுத்தாமல், வாசலில் பார்க்கும்போது பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவரைக் கேட்டால் மட்டும் போதாது, மருமகளையும் கேட்க வேண்டும். புதியவர்கள் அதிகம் விடும் இடம் இதுதான். ராத்திரி எழுந்து துணி மாற்றுவதும், கஞ்சி கரைத்து ஊட்டுவதும், ஏச்சு வாங்குவதும் அந்தப் பெண்தான். வெளியாள் இரண்டு பேர் வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்து "ஏன் இப்படி நாறுது" என்கிற மாதிரி முகம் காட்டினால், அடுத்த வாரம் கதவு திறக்காது. அதற்குப் பதிலாக, "நாங்க இருக்கற ஒரு மணி நேரம் நீங்க எங்கயாவது போகணும்னா போயிட்டு வாங்க மைனி" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்கோ குளிக்கவோ பக்கத்து வீட்டுக்கோ அவர் நிம்மதியாகப் போய்வருவார். பல வீடுகளில் நாம் தர முடிந்த பெரிய உதவி இந்த ஒரு மணி நேரம்தான்.

5. முதல் சில வாரம் கேட்பதும் பார்ப்பதும் மட்டும்

எதுவும் கொடுக்காமல் போகக் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே பொருளோடு போனால் அடுத்த வாரமும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை, பழக்கினது நாம்.

பழம் வாங்கிப் போவதிலும் கவனம் தேவை. ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்) இளநீரும் நம் ஊரில் நோயாளி பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கொண்டுபோவது. ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு அது ஆபத்தாகலாம். சர்க்கரை நோயாளிக்குப் பேக்கரி ரொட்டியும் கருப்பட்டிக் காப்பியும் ஆகாது. கருப்பட்டியும் சர்க்கரைதான். வீட்டாரைக் கேட்காமல் வாய்க்குப் போகும் எதையும் கொடுக்காதீர்கள்.

பேச்சு கொடுத்துக்கொண்டே கண்ணால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. மாத்திரை டப்பாவைப் பாருங்கள். ஒரே மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டையாக இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். தேதி போன அட்டையும் இருக்கும். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? கக்கூசுக்குப் போகும் வழியில் பல்பு எரிகிறதா? தரை வழுக்குகிறதா? இவற்றை வெளியே வந்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் முன்னால் எழுத வேண்டாம்.

மாத்திரையில் சந்தேகம் வந்தால் நீங்களே நிறுத்தவோ மாற்றவோ கூடாது. அட்டைகளையும் சீட்டையும் செவிலியரிடம் காட்டச் சொல்லி வீட்டாரிடம் சொல்லுங்கள்.

6. கைவேலை தொடங்கும்போது

நீங்கள் கவனித்தவற்றில் மிகச் சின்ன வேலையை முதலில் எடுங்கள். பல்பு மாற்றுவது, கண்ணாடி துடைப்பது, பேப்பர் வாசித்துக்காட்டுவது, கல்ஃபில் இருக்கும் பேரனுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுப்பது. சின்ன வேலையைச் சொன்ன நாளில் முடித்தால்தான் பெரிய வேலைக்கு நம்பி விடுவார்கள்.

படுக்கையிலேயே இருப்பவர் என்றால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

படுக்கைப்புண்: ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். தண்டுவட அடி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். தோல் சிவந்தால் கண்டுகொள்ளலாம் என்பார்கள். ஆனால் நம் கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் அதுதான் தொடக்கம். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே இன்னும் சிதையும். அந்தப் பக்கம் அழுத்தம் படாமல் திருப்பிவிட்டு அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். காற்றுப்படுக்கை உதவும். அது இருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது.

ஊட்டுவது: படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த கரண்டி. முடிந்ததும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். இருமினாலோ குரல் களகளத்தாலோ உடனே நிறுத்துங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் காய்ச்சலாக முடியும். பக்கவாதம் வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நகம்: பாசத்தில் நகவெட்டியை எடுத்துவிடுவார்கள். சர்க்கரை நோயாளியின் கால் நகத்தை மட்டும் நீங்கள் வெட்டாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் சின்ன வெட்டு கூட ஆறாத புண்ணாகிவிடும்.

நீங்கள் இருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ முதலில் மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எப்போது தொடங்கியது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. அதுவரை தண்ணீர் கூட வாயில் ஊற்றாதீர்கள்.

7. காகித வேலை

முதியோர் உதவித்தொகை கிடைக்காமல் இருப்பது, ரேஷன் கடையில் ரேகை விழாமல் இருப்பது, காப்பீட்டு அட்டை எடுக்காமல் இருப்பது. இதில் ஒன்றைச் சரி செய்து கொடுத்தால் பல மாதம் அரிசி வாங்கிக் கொடுப்பதைவிட அதிகப் பலன். ஆனாலும் இதில் இறங்க ஆளில்லை, அலைச்சல் என்பதால்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பம் திரும்பிவருவது பெரும்பாலும் இதில்தான். அப்புறம் இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம் என்ற வரிசை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் என்ற ஆறு தாலுகாவில் உங்கள் கிராமம் எதில் வருகிறது என்பதை உறுதி செய்யுங்கள். பழைய தாலுகாவுக்கே போய்த் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையும், படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. வயதுத் தகுதியை உங்கள் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கண்டிப்பான விதி: அசல் ஆவணம் எதையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நகல் எடுத்து அன்றே திருப்பிக் கொடுங்கள். ஏடிஎம் அட்டையை வாங்காதீர்கள், ரகசிய எண்ணை அவர்களே சொல்ல வந்தாலும் கேட்காதீர்கள். நீங்கள் நேர்மையானவர் என்பது உங்களுக்குத் தெரியும். துபாயில் இருக்கும் மகனுக்கு அது தெரியாது.

8. பணம் கடைசியில்

தேவை என்னவென்று தெரிந்த பிறகுதான் பணம். கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் மருந்துக்கடையிலோ கறண்டாபீசிலோ நேராகக் கட்டிவிட்டு ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். சந்திக்கப் போகும் இரண்டு பேருக்கும் தெரியாமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது. கடன் கொடுக்கவே கூடாது. கடன் வாங்கியவர் உங்களைப் பார்த்ததும் ஒதுங்குவார், அதோடு சந்திப்பு முடிந்துவிடும்.

போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போர்வை வாங்கும் படமாக வந்த பெரியவர் மறுநாள் அதே ஊரில்தான் முகம் காட்ட வேண்டும்.

9. ஜெபமும், வேறு மத வீடும்

போகும் முன் உங்கள் வீட்டில் ஜெபியுங்கள். பொறுமைக்கு, கேட்கும் காதுக்கு. அந்த வீட்டில் அவர்கள் கேட்டால் மட்டும், அவர்களுக்குத் தெரிந்த ஜெபத்தை, சுருக்கமாக. வலியில் நெளிகிறவர் முன்னால் நீளமாக ஜெபித்தால் அவருக்குக் களைப்புதான் மிஞ்சும். "கடவுள் சோதிக்கிறார்", "பாவத்துக்குக் கூலி" போன்ற பேச்சு வேண்டவே வேண்டாம்.

1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே வேறு மத வீட்டுக்குப் போகும்போது முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாங்க மதம் பேச வரல்ல, பக்கத்து வீட்டுக்காரங்களா வாறோம்." சொன்னபடி நடங்கள். துண்டுப் பிரசுரம், படம், எண்ணெய், தீர்த்தம் எதுவும் பையில் இருக்கக் கூடாது. அந்த வீட்டு அம்மா நெற்றியில் திருநீறு பூசிக்கொள்ள ஆசைப்பட்டு கை எட்டாமல் இருந்தால், கிண்ணத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். உங்கள் விசுவாசத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

10. மூன்றாம் மாதத்தைத் தாண்டுவது

முதல் மாதம் உற்சாகம் தள்ளிக்கொண்டு போகும். மூன்றாம் மாதத்தில் அதே கதையை ஒன்பதாவது தடவை கேட்கும்போது அலுப்பு வரும். பங்குத் திருவிழா, கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் வரும். வர முடியாத வாரம் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லுங்கள். சொல்லாமல் விடும் இரண்டு வாரம்தான் பெரும்பாலும் கடைசி வாரமாகிவிடுகிறது.

துக்கம் நடந்த வீட்டில் நேரம் தவறிப் போகிறவர்கள் அதிகம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது தூத்தூர் பக்கக் கடற்கரை ஊர்களுக்கு எல்லோரும் ஓடினோம். அந்த ஓட்டம் தேவைதான். ஆனால் கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டில், கூட்டம் கலைந்த பிறகு நீண்ட காலத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நீங்கள் பார்த்துவந்த பெரியவர் இறந்தாலும் அப்படித்தான். அடக்கத்துக்கு எல்லோரும் வருவார்கள். காரியங்கள் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, அதே கிழமை அதே நேரத்தில் அவருடைய மனைவியைப் பார்க்கப் போங்கள்.

இரண்டாவது வீட்டை எடுப்பதாக இருந்தால், முதல் வீட்டை ஆறு மாதமாவது தவறாமல் பார்த்திருக்க வேண்டும். எடுக்கும்போது புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை முதலில் பழைய வீட்டுக்குச் சில வாரம் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பாட்டி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியதும் நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த வாசலுக்குப் போகலாம்.